பிள்ளைக்கு எந்த வேலை?

(பண்ணை ஒலிபரப்பில் ஒலிபரப்பான பேச்சு)



இந்த நேரத்தில் வழக்கமாக நாற்றங்கால், மேலுரம், பூச்சி நோய் என்று பேசுவோம். இன்றைக்கு நம் வீட்டிலேயே வளர்ந்து நிற்கிற இன்னொரு பயிரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிற நம் பிள்ளைகளைத்தான் சொல்லுகிறேன். 'விவசாயப் பேச்சில் இது எதுக்குங்க?' என்று நீங்கள் கேட்கலாம். ஊருக்குள் டீக்கடைப் பக்கம் போய்ப் பாருங்கள். நெல் விலைக்கு அடுத்தபடியாக அங்கே அடிபடுகிற பேச்சு, 'உங்க பையனுக்கு ஏதாவது அமைஞ்சுதா?' என்பதுதான்.

ஒன்று கேட்கிறேன். குறுவைக்கு யாராவது சி.ஆர்.1009 விதைப்பீர்களா? மாட்டீர்கள். அது 155 நாளுக்குக் குறையாத ரகம். ஆனியில் விட்டால் கதிர் முற்றுகிற நேரத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாட்டிக்கொள்ளும். குறுவைக்கு என்றால் ஆடுதுறை 43 மாதிரி 110 நாளில் வந்துவிடுகிற ரகத்தைத்தான் தேடுவோம். சி.ஆர்.1009 கெட்ட ரகமா? இல்லவே இல்லை. சம்பாவில் அதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பட்டம் என்ன, தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும், நம் மண் களியா மணலா, அரைத்துச் சாப்பிடவா விற்கவா, இத்தனையும் பார்த்த பிறகுதான் விதைக் கடைக்கே போகிறோம்.

ஆனால் பிள்ளைக்கு வேலை என்று வந்துவிட்டால் எப்படிச் செய்கிறோம்? முதலில் கடைக்குப் போய்விடுகிறோம். எங்கே ஆள் எடுக்கிறான், எவ்வளவு தருகிறான், பக்கத்து வீட்டுப் பையன் எங்கே சேர்ந்தான், அவ்வளவுதான் விசாரணை. இந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும், எது ஆகாது, இந்த வேலை எத்தனை வருஷத்துக்கு, எதற்காக, என்று யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. பிள்ளையும் தன்னைத்தானே கேட்டுக்கொள்வதில்லை.

நானும் கேட்டுக்கொள்ளாதவன்தான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1987ஆம் வருஷம் விவசாயப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எனக்கு அப்போது 22 வயது. ஒரு பூச்சி மருந்துக் கம்பெனியில் விற்பனைக்கு ஆள் எடுத்தார்கள். மாதம் 1,100 ரூபாய் சம்பளம், ஓட்டுவதற்கு ஒரு மோட்டார் சைக்கிள். நேர்முகத்தில், "ஏதாவது கேட்கணுமா?" என்றார்கள். "வண்டிக்குப் பெட்ரோல் நீங்க குடுப்பீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். குடுப்போம் என்றார்கள். சேர்ந்துவிட்டேன். காலையில் எழுந்து நான் என்ன செய்ய வேண்டும், யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்பது மூன்றாம் மாதம் தெரிந்தது. மாதத்துக்கு இத்தனை லிட்டர் என்று ஒரு கணக்கு உண்டு. அதை முடித்தால் கைதட்டல். முடிக்காவிட்டால் மற்றவர்கள் முன்னால் எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள். அந்த வருஷம் சம்பாவில் இலைச் சுருட்டுப்புழு கொஞ்சம் தலை காட்டியது. எங்களிடம் பருத்திக்கு என்று வந்த பைரித்ராய்டு மருந்து ஒன்று மீந்துகிடந்தது. புழுவை அது உடனே கொல்லும், சந்தேகமில்லை. தெளித்த மறுநாளே புழு செத்துக் கிடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஆகவே ஊர் ஊராகப் போய், "ஒரே அடி, ஒரு புழு மிஞ்சாது" என்று சொல்லி விற்றேன். எங்கள் பெரியப்பா ஒரு ஏக்கருக்கு வாங்கி அடித்தார்.

மூன்று வாரம் கழித்து அந்த வயலில் புகையான் விழுந்தது.

உங்களுக்குத் தெரியாததில்லை. புகையான் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெரிகிற அன்றைக்கு வயலில் வட்டம் வட்டமாகத் தீ வைத்த மாதிரி காய்ந்திருக்கும். இந்தப் புகையானை அடக்கி வைத்திருப்பது யார் என்றால், நம் வயலில் இருக்கிற சிலந்தியும், மிரிட் என்கிற சின்ன நாவாய்ப் பூச்சியும்தான். பைரித்ராய்டு மருந்து தெளித்தால் காவல்காரர்களான இந்தப் பூச்சிகள் முதலில் சாகும். அடித்தூரில் இருக்கிற புகையானின் மேல் மருந்து அவ்வளவாகப் படாது. காவல் இல்லாத வீட்டில் அது பல்கிப் பெருகிவிடும். இது பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை, வகுப்பிலேயே படித்ததுதான். தெரிந்துகொண்டேதான் விற்றேன். இந்தோனேஷியாவில் இதே புகையான் தொல்லையால் 1986ஆம் வருஷமே 57 பூச்சி மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டிருந்தது. நான் அந்த வேலையில் சேருவதற்கு ஒரு வருஷம் முன்னால்!

பெரியப்பாவுக்கு ஏக்கருக்கு 25 மூட்டை காண வேண்டிய இடத்தில் 9 மூட்டை கண்டது. அவர் என்னைத் திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. களத்தில் நின்றுகொண்டு, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அடிச்சேன்" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாளே வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். விடவில்லை. தங்கை கல்யாணக் கடன் இருந்தது. இன்னும் 14 மாதம் அதே வண்டியில், அதே மருந்தை, அதே வாயால் விற்றேன். எங்கள் ஊர்ப் பக்கம் மட்டும் போகாமல் பார்த்துக்கொண்டேன். அந்த 14 மாதம் சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டவில்லை. அதன் பிறகு 750 ரூபாய் சம்பளத்துக்கு ஒரு விதைப் பண்ணையில் சேர்ந்தேன். வெயிலில் வரப்பில் நடந்து கலவன் பிடுங்குகிற வேலை. சம்பளம் குறைந்துவிட்டதே என்று வீட்டில் சண்டை. ஆனால் ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. இன்றைக்கு வரைக்கும் விதைதான் என் தொழில்.

ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். மருந்து விற்கிறவர்கள் எல்லாரும் மோசம் என்று நான் சொல்லவில்லை. 'இலையைப் பிடுங்கிக்கிட்டு வா, பார்த்துட்டுச் சொல்றேன்' என்று வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புகிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். தப்பு என் பேரில். எது என்னால் ஆகாது என்று தெரிந்துகொள்ளாமலே வேலைக்குப் போனேன்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு விவசாயி, இரண்டு ஏக்கர் நிலம். அவருடைய மகள் பி.காம். முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். பையன் பாலிடெக்னிக்கில் முதல் வருஷம். வீட்டம்மாவுக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். போன மாதம் அவர் மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, மூணு இடத்துல கூப்பிடுறாங்க. எதுலன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா அது கேட்கும்" என்றார்.

மூன்று இடம் என்ன என்று கேட்டேன். ஒன்று, பக்கத்து டவுனில் மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கிற ஒரு நிறுவனம். வாரா வாரம் ஊருக்குள் போய்த் தவணை வசூல் செய்கிற வேலை. சம்பளம் 18,000, வசூல் நன்றாக இருந்தால் மேலே ஊக்கத் தொகை. இரண்டாவது, ஓசூர்ப் பக்கம் செல்போன் பாகங்கள் செய்கிற தொழிற்சாலை, சம்பளம் 17,000. மூன்றாவது, எங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிற வேலை, சம்பளம் 10,000. இந்த மூன்றாவதில் நானும் ஒரு பங்குதாரன். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தகப்பனாருக்கு மனசு முதல் வேலையில். வீட்டில் இருந்தே போய் வரலாம், சம்பளமும் அதுதான் அதிகம். பெண் ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

நான் எதையும் சொல்லவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து அதன் கையில் கொடுத்து, "ஏம்மா, இந்தப் பக்கம், இந்த வேலையால எனக்கு என்ன ஆகணும்னு எழுது. எதிர்ப்பக்கம், எவ்வளவு குடுத்தாலும் நான் எதைச் செய்ய மாட்டேன்னு எழுது. அப்பா பார்க்க மாட்டாங்க, நானும் பார்க்க மாட்டேன். எழுதிட்டு, காட்டணும்னு தோணினா காட்டு" என்றேன்.

விதை நேர்த்தியில் உப்புத் தண்ணீர் போடுகிறோமே, அந்த மாதிரிதான் இது. தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போய், முட்டை மிதக்கிற பதம் வந்ததும் விதையைக் கொட்டுகிறோம். பதர் மேலே வந்துவிடும், கனத்த விதை அடியில் தங்கும். வெறும் தண்ணீரில் கொட்டினால் அரைப் பதரும் அடியிலேயே நின்று நம்மை ஏமாற்றும். பிள்ளை எழுதுகிற அந்த இரண்டு பக்கம்தான் உப்பு. அது கரையாமல், வருகிற வேலையை எல்லாம் கொட்டிப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

அரைமணி நேரம் கழித்து நோட்டைக் கொண்டு வந்தது. வலப்பக்கத்தில் முதல் வரியே இதுதான்: 'கடன் வசூலுக்குப் போக மாட்டேன்.'

தகப்பனாருக்குக் கோபம். "வீட்டுக்குப் பக்கத்துல, அதுவும் 18,000. வலிக்குதா?" என்றார்.

அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருந்த சமயம். அம்மா குழுக்கடனில் இரண்டு தவணை தவறிவிட்டது. வசூலுக்கு வந்த பெண் காலையில் இருந்து இருட்டுகிற வரைக்கும் இவர்கள் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். தெருவே பார்த்தது. அம்மா கடைசியில் காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்துக் கொடுத்து அனுப்பினாள். "அந்த அக்காவும் பாவம்தான், மாமா. அது வாசல்ல உட்கார்ந்துக்கிட்டு அழுதுச்சு. பணம் வாங்காம போனா அது சம்பளத்துல பிடிப்பாங்களாம். அந்த இடத்துல நான் உட்கார மாட்டேன்" என்றது.

தகப்பனாருக்கு இது அதுவரையில் தெரியாது. மனைவி காதில் இருப்பது கவரிங் என்பது கூட அன்றைக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எழுந்து போய் வாசலில் நின்றுவிட்டு வந்து, "அது வேண்டாம்ணே. மத்த ரெண்டைப் பாருங்க" என்றார்.

கட்டாய வசூலைத் தடுக்க 2025ஆம் வருஷம் தமிழ்நாட்டில் சட்டமே கொண்டு வந்தார்கள். ஒழுங்காக நடத்துகிற நிறுவனங்களும் உண்டு. இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அந்த வேலை பொருந்தலாம். நயமாகப் பேசத் தெரிந்த, நாலு பெண்களுக்கு வரவு செலவு கணக்குச் சொல்லிக் கொடுக்கிற பிள்ளை அதில் நல்ல பெயர் எடுக்கவும் கூடும். ஆனால் இந்தப் பிள்ளைக்கு அது ஆகாது. களி மண்ணில் கடலை போட்டு, கடலை மேல் குற்றம் சொல்லி என்ன பயன்?

இடப்பக்கத்தில் மூன்று வரி இருந்தது. அம்மா காலுக்கு ஒழுங்காக வைத்தியம் நடக்க வேண்டும். தம்பி படிப்பு முடிகிற வரைக்கும், இன்னும் இரண்டு வருஷம், அவன் பீஸுக்கு நிலத்தைத் தொடக் கூடாது. மூன்றாவது, கணக்கு வேலையில்தான் கடைசியில் நிற்க வேண்டும், பி.காம். படித்தது வீணாகக் கூடாது.

இதைப் படித்ததும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கணக்கு வேலை என்று எழுதியிருக்கிறதே, நம் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கே வந்துவிடும் என்று நினைத்தேன். சம்பளம் குறைவாயிற்றே என்று தகப்பனார் இழுத்தார். "வாங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன். சம்பளம் என்பது களத்து மேட்டில் கிடக்கிற பொலி மாதிரி. கூலி, உரக்கடை பாக்கி, வண்டி வாடகை எல்லாம் போய் வீட்டுக் குதிருக்கு என்ன வருகிறது என்றுதானே பார்ப்போம்? சம்பளத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

ஓசூர் வேலை 17,000. அதில் அடிப்படைச் சம்பளம் 10,000 என்று போட்டிருந்தார்கள். பி.எஃப். 12 சதவீதம், 1,200 பிடிப்பார்கள். ஈ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம், 128 ரூபாய். தங்குமிடமும் சாப்பாடும் 6,000. மாதம் இரண்டு தடவை ஊருக்கு வந்து போக 1,200. போன், சோப்பு, துணிமணி என்று 1,500. எல்லாம் போக மிச்சம் 6,972 ரூபாய்.

உற்பத்தியாளர் நிறுவனத்தில் 10,000. பஸ்ஸுக்கும் மற்ற கைச் செலவுக்கும் 1,500. வீட்டில் சாப்பிடுகிறாளே, அது மட்டும் இலவசமா? அதற்கு ஒரு 1,500 போட்டேன். மிச்சம் 7,000.

"28 ரூபாய்தான் வித்தியாசம், அதுவும் பத்தாயிரம் சம்பளத்துலதான் அதிகம்" என்று நான் வெற்றிக்களிப்போடு நோட்டை நீட்டினேன். தகப்பனாருக்கு ஆச்சரியம். நீங்களும் வீட்டில் இப்படிப் போட்டுப் பாருங்கள். பெரிய சம்பளம் என்று நினைத்தது சிறுத்துப் போவதைப் பல சமயம் பார்ப்பீர்கள்.

ஆனால் அந்தப் பெண் கணக்குப் படித்ததாயிற்றே. நோட்டைத் திருப்பி வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, பி.எஃப். பிடிக்கிறது செலவு இல்லையே. அது என் பேர்லதானே இருக்கு. கம்பெனியும் அதுக்கு ஈடாப் போடுமே" என்றது. உண்மைதான். அதை நான் செலவில் எழுதிவிட்டேன். அடுத்து, "ஈ.எஸ்.ஐ.யில அம்மாவுக்கு வைத்தியம் பார்ப்பாங்களா?" என்று கேட்டது. எனக்குத் தெரியவில்லை. மறுநாள் விசாரித்தோம். தொழிலாளியை நம்பி இருக்கிற தாய் தகப்பனுக்கும் ஈ.எஸ்.ஐ.யில் வைத்தியம் உண்டு. அவர்களுக்கு என்று தனியே வருமானம் இருந்தால் அதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிள்ளை ஒரு ஊரில், குடும்பம் ஒரு ஊரில் இருந்தாலும் குடும்பம் இருக்கிற பக்கத்திலேயே பார்த்துக்கொள்ள வழி உண்டு. புண்ணுக்கு மட்டும் மாதம் 2,000 ரூபாய் தனியார் ஆஸ்பத்திரியில் கொட்டிக்கொண்டிருந்த வீடு அது. என் கணக்கில் அந்த 2,000 வரவே இல்லை.

இன்னொன்றும் செய்தது அந்தப் பெண். என்னிடம் சொல்லாமல் நேரே உற்பத்தியாளர் நிறுவன அலுவலகத்துக்குப் போய், "எனக்குக் குடுக்கிற சம்பளம் எங்கே இருந்து வருது?" என்று கேட்டிருக்கிறது. 2020ஆம் வருஷம் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அமைக்க ஒரு திட்டம் கொண்டு வந்தது. அதில் சேர்ந்த நிறுவனத்துக்குக் கணக்காளர் சம்பளத்துக்கு மாதம் 10,000 வரைக்கும் மூன்று வருஷம் உதவி கிடைக்கும். அதன் பிறகு நிறுவனம் தன் வியாபார லாபத்தில் இருந்துதான் கொடுக்க வேண்டும். எங்கள் நிறுவனத்துக்கு அந்த மூன்று வருஷம் முடிய இன்னும் 8 மாதம்தான் பாக்கி. போன வருஷ வியாபாரத்தில் லாபம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பங்குதாரன் எனக்கே இது உறைக்கவில்லை. பொதுக்குழுவில் காப்பி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவன்தானே நான்!

இதைத்தான் எல்லாப் பிள்ளைகளும் கேட்க வேண்டும் என்கிறேன். சம்பளம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. எங்கே இருந்து வருகிறது, எத்தனை நாளைக்கு வரும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. ஒரு நாளைக்குக் காலையில் இருந்து சாயங்காலம் வரை என்ன செய்ய வேண்டும்? இரவு ஷிப்ட் உண்டா, உண்டென்றால் தங்குமிடம் வரைக்கும் வண்டி உண்டா? வேலை உத்தரவு எழுத்தில் தருவார்களா? அங்கே வேலை பார்த்துவிட்டு விலகி வந்தவர் ஒருவரைத் தேடிப் பிடித்து ஏன் விட்டீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். இருக்கிறவரைவிட விலகினவர் பேச்சில் விஷயம் அதிகம் இருக்கும். மூலச் சான்றிதழைக் கேட்டால் காட்டுங்கள், கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பணம் கட்டினால் வேலை என்று ஒருவன் வந்தால், அவன் எவ்வளவு பெரிய இடத்துப் பெயரைச் சொன்னாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அரை ஏக்கரை விற்றுக் கொடுத்துவிட்டு இன்றைக்கும் வேலையும் இல்லாமல் நிலமும் இல்லாமல் இருக்கிற குடும்பத்தை எனக்குத் தெரியும். வெளிநாடு என்றால் அரசாங்கத்தில் பதிவு பெற்ற முகவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டையே வெளியே எடுக்காதீர்கள்.

அரசு வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. 'எந்த வேலையானாலும் கவர்ன்மெண்ட் வேலை' என்று நம்மில் பாதிப் பேர் பிள்ளையை ஐந்து வருஷம், ஆறு வருஷம் வீட்டில் உட்கார வைத்துவிடுகிறோம். 2024ஆம் வருஷம் குரூப் 4 தேர்வுக்கு முதலில் 6,244 இடம் என்று அறிவிப்பு வந்தது. விண்ணப்பம் போட்டவர்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர். இடத்தைப் பின்னால் கூட்டினார்கள். அப்படியும் ஒரு இடத்துக்கு 200 பேருக்கு மேல். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதே அலுவலகத்தில் பதிவு செய்து, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மறக்காமல் புதுப்பித்து வையுங்கள். தனியார் வேலைக்கான முகாம்களும் அவர்களே நடத்துகிறார்கள். ஆனால் எத்தனை தடவை எழுதுவது, எந்த வயதில் நிறுத்திக்கொள்வது என்பதை முதல் தடவை எழுதும்போதே பிள்ளையும் நீங்களும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மழை வரும் வரும் என்று நாற்றை எத்தனை நாள்தான் நாற்றங்காலிலேயே வைத்திருப்பது? கணு விட்ட நாற்றை நட்டால் தூர் கட்டாது.

'நான் நிலத்திலேயே இருக்கிறேன்' என்று சொல்கிற பிள்ளையும் உண்டு. அப்படிச் சொன்னால் நாம்தான் முதலில் பதறுகிறோம், 'நான் பட்டது போதாதா' என்று. அந்தப் பிள்ளை விவசாயப் பட்டமோ டிப்ளமாவோ படித்திருந்தால், வேளாண் மருத்துவ மையம், வேளாண் வணிக மையம் என்று 2002ஆம் வருஷம் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. 45 நாள் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. பிறகு பாங்கிக் கடனில் மண் பரிசோதனையோ, வாடகை இயந்திரமோ, நாற்றுப் பண்ணையோ வைத்தால், திட்டச் செலவில் 36 சதவீதம் மானியம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் 44 சதவீதம். விவரத்தை உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அந்தப் பெண் என்ன செய்தது என்று சொல்லவில்லையே.

ஓசூருக்குத்தான் போனது. கணக்கு வேலைதான் வேண்டும் என்று எழுதிவிட்டு, ஷிப்டில் நின்று பாகம் கோக்கிற வேலைக்குப் போகிறாயே என்று நானே கேட்டேன். "மூணு எழுதினேன் மாமா. இப்போதைக்கு ரெண்டு ஆகுது. மூணாவது தம்பி படிப்பு முடிஞ்ச பிறகு" என்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிற படிப்பு ஒன்றைத் தங்குமிடத்துக்குப் பக்கத்திலேயே விசாரித்து வைத்திருக்கிறது. நான் சொல்லியிருந்தால் பத்தாயிரம் வேலையில் உட்கார வைத்து, எட்டாம் மாதம் திண்ணைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். இரவு ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும் என்கிறார்கள். அது உடம்புக்கு ஒத்துவருமா என்று தாயாருக்குக் கவலை இருக்கத்தான் செய்கிறது. எனக்கும் இருக்கிறது.

பஸ் ஏறுகிற அன்றைக்குக் காலையில் சொல்லிக்கொள்ள வந்தது. நோட்டைக் கொண்டு வந்து காட்டியது. இடப்பக்கத்து மூன்று வரிக்கும் கீழே, இரண்டு வருஷம் தள்ளி ஒரு தேதி போட்டிருந்தது. 'இந்தத் தேதிக்குப் பிறகு ஓசூரில் இருக்க மாட்டேன்' என்று எழுதி, அதன் கீழே தன் கையெழுத்து. பக்கத்தில் அப்பாவையும் கையெழுத்துப் போட வைத்திருக்கிறது. அவர் கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. வலப்பக்கத்து முதல் வரி அப்படியே இருக்கிறது.